கொழும்புக்குப் பாய் அனுப்ப என்னென்ன தாள் வேணும்?

பத்தமடைக்காரன்:
அண்ணாச்சிமாரே, இலங்கை 2020-ல் அந்நியச் செலாவணியைக் காக்கப் போட்ட இறக்குமதித் தடைகளைப் படிப்படியா தளர்த்திட்டாங்க. கோரைப்பாய் அனுப்ப எங்கிருந்து தொடங்கணும்?

துறைமுகத்தான்:
முதல்ல ஐ.இ.சி. எண், அதாவது ஏற்றுமதி-இறக்குமதி செய்றவருக்கான அடையாள எண். டி.ஜி.எஃப்.டி.ங்கிற மத்திய அரசின் வெளிநாட்டு வணிகத் துறைத் தளத்தில் 500 ரூபாய். வருஷாவருஷம் ஏப்ரல்-ஜூன்ல புதுப்பிக்கலைன்னா எண் முடங்கிடும், பலபேர் இதிலதான் மாட்டுறாங்க. பிறகு ஏ.டி. கோட், அதாவது அந்நியச் செலாவணி கையாள அனுமதி உள்ள உங்க வங்கிக் கிளையின் குறியீட்டை, தூத்துக்குடி சுங்கத்துல பதியுங்க. அது இல்லாம ஷிப்பிங் பில், அதாவது சுங்கத்துக்குக் கொடுக்கிற ஏற்றுமதி விண்ணப்பம், போடவே முடியாது.

பாளையங்கோட்டை வாசகர்:
வரிச்சலுகைதான் முக்கியம். 2000 மார்ச்ல நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கை தடையற்ற வணிக ஒப்பந்தப்படி தோற்றச் சான்றிதழ், அதாவது சரக்கு இந்தியாவில் செஞ்சதுங்கிற சான்று, எடுங்க. வெளிநாட்டுச் சாயம், நூல் சேர்த்தா உள்நாட்டு மதிப்பு 35 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. சான்றிதழ்லயும் இன்வாய்ஸ்லயும் எச்.எஸ். எண், அதாவது சுங்கத்துல சரக்கை வகைப்படுத்துற எண், ஒண்ணா இருக்கணும், மாறினா அங்கே முழு வரிதான்.

துறைமுகத்தான்:
சரியாச் சொன்னீங்க. ஆனா சலுகை வேற, அனுமதி வேற. அந்த எச்.எஸ். எண்ணுக்கு இறக்குமதி லைசென்ஸ், தாவரத் தனிமைப்படுத்தல் சான்று (பூச்சி, நோய் இல்லைங்கிற சான்று) வேணுமான்னு வாங்குறவர் கொழும்புல எழுத்துல கேட்டு வாங்கின பிறகே சரக்கை ஏத்துங்க. கோரை ஈரம் இழுக்கும். நல்லாக் காயவச்சு, ஈர உறிஞ்சிப் பை போட்டுக் கட்டுங்க. சரக்குக்கு அடியில மரப்பலகை வச்சா ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை, அதாவது மரத்தைப் பூச்சி இல்லாம பதப்படுத்தியதுக்கான சர்வதேச முத்திரை, கட்டாயம்.