அம்மாவுக்கு இரண்டரை மாதமாக வயிறு உப்பியே இருக்கிறது, சினைப்பையைச் சோதிக்கச் சொல்லி டாக்டரிடம் எப்படிக் கேட்பது?

திருமங்கலத்துப் பெண்:

அம்மாவுக்கு 56 வயது. மாதவிடாய் நின்று ஐந்து வருடம் ஆகிறது. சர்க்கரை இல்லை, பிரஷர் மாத்திரை மட்டும் உண்டு. பங்குனிக் கடைசியிலிருந்தே வயிறு கல் மாதிரி இருக்கிறது, காற்று அடைத்த மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது சித்திரைத் திருவிழா நேரம், வீடு நிறைய ஆட்கள், கண்ட நேரத்தில் கண்டதைச் சாப்பிட்டதால் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். இப்போது ஆனி பிறந்தாயிற்று, இன்னும் சரியாகவில்லை. காலையில் நாலு இட்லி சாப்பிடுகிறவர் ஒன்றரை இட்லியில் தட்டைத் தள்ளிவிடுகிறார். ராத்திரி மூன்று நாலு தடவை ஒன்றுக்குப் போக எழுந்திருக்கிறார். கை, முகமெல்லாம் மெலிந்து தெரிகிறது, ஆனால் பாவாடை நாடா மட்டும் எட்டவில்லை என்று நேற்று அவரே சொன்னபோதுதான் எனக்குத் திக்கென்றது.

பக்கத்துக் கிளினிக்கில் மூன்று முறை காட்டிவிட்டோம். இரண்டு முறை கேஸ் என்று வெறும் வயிற்றில் போடும் மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாவது முறை நீர்த்தொற்றாக இருக்கும் என்று ஆன்டிபயாடிக். யூரின் டெஸ்டில் கிருமி இல்லை என்றுதான் வந்தது, இருந்தும் ஐந்து நாள் போடச் சொன்னார்கள், போட்டார், எதுவும் மாறவில்லை. வயிற்றில் கை வைத்துக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவின் கூடப்பிறந்த பெரியம்மா மார்பகப் புற்றுநோயில் 47 வயதில் போனவர், அதனால்தான் என் மனசு சினைப்பைப் புற்றுநோயிலேயே போய் நிற்கிறது.

அப்பா, செல்போனைப் பார்த்துவிட்டு வீட்டைக் கலவரப்படுத்தாதே என்கிறார். அம்மாவோ போன வருடம் முகாமில் கர்ப்பப்பை வாய் டெஸ்ட் எடுத்தார்களே, நார்மல்தானே, இந்த வயசில் மறுபடி போய்க் காட்டச் சொல்கிறாயா என்று கூச்சப்படுகிறார். நாமாக நோய்ப் பெயரைச் சொல்லி டெஸ்ட் கேட்டால் டாக்டர் முகம் சுளிப்பாரோ என்று எனக்கும் தயக்கம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


மேலூர் மகள்:

தங்கச்சி, நீங்கள் எழுதியதைப் படிக்கப் படிக்க எங்கள் வீட்டுக் கதையையே திரும்பப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. எங்கள் அம்மாவுக்கு 61 வயதில் இப்படித்தான் ஆரம்பித்தது. ஓமத்தண்ணீர், பெருங்காயம் போட்ட மோர், அப்புறம் மருந்துக்கடை மாத்திரை, அப்புறம் அல்சர் என்று எண்டோஸ்கோபி, அதில் ஒன்றும் இல்லை என்றதும் மனசுக் கவலைதான் காரணம் என்று தூக்க மாத்திரை, இப்படியே ஆறு மாதம் ஓடிவிட்டது. ஒவ்வொரு டாக்டரிடமும் அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார், வயிற்று டாக்டரிடம் உப்புசத்தை, யூரின் டாக்டரிடம் அடிக்கடி போவதை. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஆளிடம் சொல்லவே இல்லை. கடைசியில் வயிற்றில் நீர் கோத்து மூச்சு வாங்க ஆரம்பித்தபோதுதான் ஸ்கேன் எடுத்தோம், சினைப்பைப் புற்றுநோய், மூன்றாம் நிலை.

ஆபரேஷனும் கீமோவும் முடிந்து நாலு வருடம் ஆகிறது. நடுவில் ஒரு முறை திரும்ப வந்தது, மறுபடி மருந்து ஏற்றினோம், இப்போது வீட்டில்தான் இருக்கிறார், பேத்திக்குத் தலை பின்னிவிடுகிறார். ஆனால் அந்த ஆறு மாதத்தை நினைக்காத நாள் இல்லை.

அதனால் ஒன்று செய்யுங்கள். சமையலறையில் தொங்கும் தினசரிக் காலண்டரில் இன்றிலிருந்தே குறியுங்கள்: உப்புசம் இருந்த நாள், பாதிச் சாப்பாட்டில் எழுந்த நாள், அடிவயிறு வலித்த நாள், ராத்திரி எத்தனை முறை எழுந்தார். இதற்கு முன்னால் போனதையும் ஞாபகம் இருக்கிற அளவுக்கு எழுதுங்கள். "ரொம்ப நாளா வயிறு சரியில்லை" என்று சொன்னால் டாக்டர் கேஸ் என்றுதான் எழுதுவார். "இந்த மாதம் 22 நாள் உப்புசம், பாதிச் சாப்பாட்டில் வயிறு நிறைந்துவிடுகிறது, இந்த வருடத்துக்கு முன்னால் இவருக்கு இப்படி வந்ததே இல்லை, இவருடைய அக்கா மார்பகப் புற்றுநோயில் 47 வயதில் போனவர்" என்று நாலே வரி சொல்லுங்கள், அப்புறம் நேராகவே கேளுங்கள்: சினைப்பையை ஒரு தடவை பார்த்துவிடலாமா டாக்டர்? முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வேண்டாம் என்றால், வேறு எந்தக் காரணத்தால் இரண்டரை மாதமாக இப்படி இருக்கிறது, எத்தனை நாளில் சரியாக வேண்டும், ஆகாவிட்டால் அடுத்து என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டு அதையும் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதும் பல பேர் டெஸ்டையே எழுதிக் கொடுத்துவிடுவார்கள், எங்கள் சித்தி விஷயத்தில் அப்படித்தான் நடந்தது.


மகளிர் வார்டு நர்ஸ்:

இருபது வருடத்துக்கு மேல் மகளிர் பிரிவில் வேலை பார்க்கிறேன். டாக்டர் இல்லை, பார்த்ததையும் படித்ததையும் சொல்கிறேன்.

முதலில் அந்த முகாம் டெஸ்ட். அது கர்ப்பப்பையின் வாயை மட்டும் பார்ப்பது. சினைப்பை அதற்கு மேலே உள்ளே இருக்கிறது, அந்த டெஸ்டில் தெரியாது. "போன வருடம்தான் எல்லாம் பார்த்தாயிற்றே" என்று எத்தனையோ பெண்கள் இதை நம்பித்தான் தள்ளிப்போடுகிறார்கள், அம்மாவிடம் இதைப் பொறுமையாக விளக்குங்கள்.

இரண்டாவது, உப்புசம் எல்லாருக்கும் வரும், வந்தால் போகும். வந்து போகாமல் நிற்பதுதான் கவனிக்க வேண்டியது. விடாத உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைவது, அடிவயிற்றிலோ இடுப்புக்குள்ளோ வலி, அடிக்கடியும் அவசரமாகவும் சிறுநீர் வருவது, இந்த நாலில் ஏதாவது ஒன்று புதிதாக வந்து மாதத்தில் 12 நாளுக்கு மேல் இருந்தால், அதுவும் 50 வயதைத் தாண்டியவர் என்றால், சினைப்பையைச் சோதிக்க வேண்டும் என்பது பிரிட்டனில் டாக்டர்களுக்கான வழிகாட்டலிலேயே இருக்கிறது. 50-க்கு மேல் முதல்முறையாகக் குடல் எரிச்சல் நோய் (ஐபிஎஸ்) என்று யாராவது பெயர் வைத்தாலும் சினைப்பையைப் பார்த்துவிட வேண்டும், அந்த வயதில் அது புதிதாக வருவது அபூர்வம்.

டெஸ்ட் இரண்டு. சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனை, அப்புறம் அடிவயிற்று ஸ்கேன். ரத்தத்தில் 35-க்குக் கீழே இருந்தால் நார்மல் என்று போட்டிருக்கும், ஆனால் அதைப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள், சினைப்பைப் புற்றுநோயின் ஆரம்ப நிலையில் இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது நார்மலாகவே வரும். அதேபோல் கூடுதலாக வந்தாலும் உடனே கேன்சர் என்று அழுதுவிடவும் கூடாது. கர்ப்பப்பைச் சதைக் கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது), ஈரல் கோளாறு, நம் பக்கத்தில் முக்கியமாக வயிற்று டிபி, இவற்றிலும் ஏறும். வயிற்றில் நீரும் சிஏ-125 ஏற்றமும் இருந்து, கடைசியில் டிபி என்று தெரிந்து மாத்திரையிலேயே குணமான பெண்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் ரத்தமும் ஸ்கேனும் சேர்த்தே கேட்க வேண்டும்.

ஸ்கேன் முடிந்தவரை உள்ஸ்கேனாக, அதாவது பிறப்புறுப்பு வழியாகக் கருவியை வைத்து எடுப்பதாக இருந்தால் சினைப்பை தெளிவாகத் தெரியும். மெல்லிய கருவி, ஐந்து பத்து நிமிடம், பெண் டாக்டர் எடுக்கிற சென்டராகக் கேட்டுப் போங்கள், நீங்கள் பக்கத்தில் நிற்கலாமா என்றும் கேளுங்கள். கூச்சத்தில் பாதி அங்கேயே போய்விடும். மேல்வயிற்று ஸ்கேன் என்று மட்டும் சீட்டில் இருந்தால் திருப்பிக் கொடுத்து அடிவயிற்றையும் சேர்த்து எழுதி வாங்குங்கள்.

இதைப் படிக்கும் மற்ற பெண்களுக்கும் ஒன்று. தொந்தரவு எதுவும் இல்லாதவர்கள் வருடாவருடம் சிஏ-125 எடுக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் அதிகமான பெண்களை வைத்துப் பல வருடம் பார்த்து 2021-இல் முடிவு வெளியிட்டார்கள், அப்படிச் சோதித்ததால் இறப்பு குறையவில்லை. உடம்பு புதிதாக ஏதாவது சொல்லும்போது உடனே கேட்பதுதான் நம் கையில் இருக்கிறது.


வைகைக்கரை:

அப்பாவிடம் இதைக் காட்டுங்கள் தங்கச்சி. "ஒண்ணும் இருக்காது, சீரகத் தண்ணி குடி" என்று என் மனைவியிடம் சொன்னவன் நான். அவள் மூன்று முறை சொன்னாள், மூன்று முறையும் அதையே சொன்னேன். நாலாவது முறை அவள் சொல்லவில்லை, வலியை வைத்துக்கொண்டே வேலை பார்த்தாள். ரெண்டு வருடம் முன்னால் அவள் போய்விட்டாள். நான் மருத்துவம் படித்தவன் இல்லை, ஆனால் பக்கத்திலேயே படுத்திருந்தவன், அவள் ராத்திரி எத்தனை முறை எழுந்தாள் என்று எனக்குத்தான் தெரியும், அதை டாக்டரிடம் நான்தான் சொல்லியிருக்க வேண்டும். அப்பாவையும் கூட அழைத்துப் போங்கள்.

பணத்தை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். மதுரைப் பெரியாஸ்பத்திரியில் மகளிர் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டுக் காட்டலாம், புற்றுநோய் என்று தெரிந்தால் பாலரங்கபுரத்தில் அரசு சிகிச்சை மையம் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு, ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். அட்டை இல்லையென்றால் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் போங்கள், நோய் தெரிகிறதுக்கு முன்னாலேயே போங்கள். எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் அரசு மருத்துவ உதவி எண் 104-க்குப் போன் பண்ணிக் கேட்கலாம்.


திருமங்கலத்துப் பெண்:

எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் ஆகிவிட்டது, என்ன நடந்தது என்று சொல்கிறேன். காலண்டர் தாளைக் கையோடு கொண்டுபோய் மதுரையில் ஒரு மகளிர் டாக்டரிடம் காட்டினோம். அப்பாவும் வந்தார், "ராத்திரி நாலு வாட்டி எந்திரிக்கிறா டாக்டர்" என்று அவரே சொன்னார். டாக்டர் தாளை முழுசாகப் படித்துவிட்டு நான் கேட்பதற்கு முன்னாலேயே இரண்டு டெஸ்டையும் எழுதினார். இடது சினைப்பையில் 7 சென்டிமீட்டர் கட்டி, உள்ளே கெட்டியான சதைப் பகுதி, வயிற்றுக்குள் கொஞ்சம் நீரும் இருக்கிறதாம். சிஏ-125 96. உறவுக்காரர் ஒருவர் தெரிந்த சர்ஜனிடம் போய் ஊசியால் கட்டியிலிருந்து நீரை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்கிறார். கை கால் ஓடவில்லை.


மகளிர் வார்டு நர்ஸ்:

ஊசி குத்த விடாதீர்கள். சந்தேகமான கட்டியை அப்படிக் குத்தினால், உள்ளே கேன்சர் இருக்கும்பட்சத்தில் அது வயிற்றுக்குள் சிந்திப் பரவ வாய்ப்பு உண்டு. கட்டியை உடையாமல் முழுசாக எடுத்து, அதைத்தான் பயாப்சிக்கு அனுப்ப வேண்டும்.

டாக்டர்கள் ஒரு கணக்குப் போடுவார்கள், தெரிந்துகொள்ளுங்கள். மாதவிடாய் நின்றவர்களுக்கு 3, ஸ்கேனில் சந்தேகக் குறிகள் இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 3, இரண்டையும் சிஏ-125 எண்ணோடு பெருக்க வேண்டும். அம்மாவுக்குச் சதைப் பகுதியும் வயிற்று நீரும் என்று இரண்டு குறி, அதனால் 3 பெருக்கல் 3 பெருக்கல் 96, அதாவது 864. இது 200-ஐத் தாண்டினாலே மகளிர் புற்றுநோய் அறுவை சிகிச்சை படித்தவரிடம் அனுப்ப வேண்டும். இது கேன்சர் என்று சொல்வதில்லை, யார் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று சொல்வது. சாதாரண கட்டி என்று நினைத்து வேறு ஒருவர் திறந்துவிட்டு, அப்புறம் இரண்டாவது ஆபரேஷனுக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் அந்த மகளிர் டாக்டரிடமே போய், கேன்சர் அறுவை சிகிச்சை நிபுணருக்கு இந்த வாரமே கடிதம் கொடுங்கள் என்று கேளுங்கள். சிடி ஸ்கேன் அவர்களே எழுதுவார்கள்.

பெரியம்மா விஷயத்தை அங்கே மறக்காமல் சொல்லுங்கள். பிஆர்சிஏ என்ற மரபணு மாற்றம் சில குடும்பங்களில் மார்பகத்துக்கும் சினைப்பைக்கும் சேர்த்தே வரும். அம்மாவுக்குக் கேன்சர் என்று உறுதியானால் அந்த ரத்த டெஸ்டை முதலில் அவருக்கு எடுப்பார்கள், அதில் இருந்தால் அப்புறம் உங்களுக்கும். போகும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, ஸ்கேன் படங்களையும் அந்தக் காலண்டர் தாளையும் பையில் வையுங்கள். அம்மாவை வெறும் வயிற்றோடு கூட்டிப்போக வேண்டுமா என்று முந்தின நாளே போன் பண்ணிக் கேட்டுக்கொள்ளுங்கள், பாவம், சாப்பிடுவதே ஒன்றரை இட்லிதான்.