டிடிஆர்5 6000 ராம் 3600-இல்தான் ஓடுகிறது, அவசரம்!

ஒளித்துண்டு:
வணக்கம். பெட்டியில் 6000 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் ராம் வாங்கிப் போட்டிருக்கிறேன். டாஸ்க் மேனேஜரில் 3600 என்று காட்டுகிறது. பயாஸில் (விண்டோஸுக்கு முன் எழும் போர்டின் அமைப்பு நிரல்), ராமைப் பெட்டியில் போட்ட வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்போவையும் இயக்கிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களா? நாளை ஒரு காணொளியை முடித்துக் கொடுத்தாக வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

மின்மினி:
என்ன புராசஸர்? என்ன மதர்போர்டு? எத்தனை ராம் ஸ்டிக்? எந்தெந்த ஸ்லாட்டில் செருகியிருக்கிறீர்கள்? இவை தெரியாமல் யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

தறிநாடா:
பதற வேண்டாம் நண்பரே. சில மென்பொருள்கள் பாதி வேகத்தைத்தான் காட்டும். சிபியு-இசட் என்ற வன்பொருள் விவர மென்பொருளைத் திறந்து நினைவகப் பக்கத்தைப் பாருங்கள். அங்கே 3000 என்று இருந்தால் உங்கள் ராம் 6000-இல்தான் ஓடுகிறது என்று பொருள்.

பழஞ்சிலிக்கான்:
தறிநாடா, அவர் டாஸ்க் மேனேஜர் என்று எழுதியிருக்கிறார். அது பாதியைக் காட்டாது. 3600 என்றால் 3600-தான், சிபியு-இசட்டில் 1800 என்று இருக்கும். பதில் எழுதும் முன் கேள்வியைப் படிக்கும் வழக்கம் ஒழிந்துபோய் நாளாகிறது.

கேட்டவருக்கு: அந்த எண்ணே விடையைச் சொல்கிறது. உங்களிடம் இருப்பது ரைசன் 7000 வரிசை, நான்கு ஸ்லாட்டையும் நிரப்பியிருக்கிறீர்கள். சரியா?

கருவேலன்:
விண்டோஸைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவுங்கள். எனக்கு எல்லாக் கோளாறும் அதில்தான் தீர்ந்திருக்கிறது.

மின்மினி:
ராமின் வேகத்தை முடிவு செய்வது பயாஸ். விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே அது முடிந்துவிடுகிறது. நாளை வேலை கொடுக்க வேண்டியவரிடம் போய் விண்டோஸைத் துடைக்கச் சொல்கிறீர்களே!

ஒளித்துண்டு:
ஆமாம், ரைசன் 7 7700, பி650 போர்டு. நான்கு ஸ்டிக், தலா 16 ஜிபி. முதலில் இரண்டு வைத்திருந்தேன், போதவில்லை என்று அதே மாடலில் இன்னும் இரண்டு வாங்கினேன். அதே மாடல் என்பதால் இதை எழுதவில்லை.

பழஞ்சிலிக்கான்:
நினைத்தேன். ரைசன் 7000-க்கு ஏஎம்டி தரும் அதிகாரபூர்வ வரம்பு இதுதான்: இரண்டு ஸ்டிக் என்றால் 5200, நான்கு என்றால் 3600. அதற்கு மேல் போவதெல்லாம் ஓவர்கிளாக்கிங், அதாவது வரம்பை மீறி ஓட்டுவது. எக்ஸ்போவும் அதில் அடக்கம். பெட்டியில் இருக்கும் 6000, அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஜோடிக்குக் கொடுத்த சான்று. இரண்டு பெட்டியைச் சேர்த்து எவரும் சோதித்துத் தருவதில்லை. இதை நான் இங்கே எத்தனையோ இழைகளில் எழுதியாகிவிட்டது. தேடல் பெட்டி என்று ஒன்று மேலே இருக்கிறது.

மின்மினி:
ஐயா, அவர் அவசரத்தில் இருக்கிறார், விட்டுவிடுங்கள்.

ஒளித்துண்டு, எக்ஸ்போவை இயக்கியபோது என்ன நடந்தது என்று அப்படியே சொல்லுங்கள். ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்பதற்குள் பல விஷயங்கள் ஒளிந்திருக்கலாம்.

ஒளித்துண்டு:
சேமித்து வெளியே வந்ததும் திரை கறுத்துவிட்டது. விசிறிகள் சுற்றின. போர்டின் ஓரத்தில் ‘டிராம்’ என்று எழுதிய இடத்தில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பயந்துபோய்ப் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். மறுபடி போட்டபோது விண்டோஸ் வந்தது, வேகம் பழையபடி 3600.

மின்மினி:
அதுதான் விஷயம். டிடிஆர்5 புது அமைப்பில் முதல்முறை எழும்போது போர்டு ஒவ்வொரு ஸ்டிக்குக்கும் ஏற்ற நேர இடைவெளிகளைத் தானே தேடிப் பிடிக்கும். டிரெய்னிங் என்பார்கள். 64 ஜிபி, நான்கு ஸ்டிக் என்றால் சில நிமிடங்கள் திரையில் எதுவும் வராது, அந்த விளக்கு மட்டும் எரியும். நீங்கள் நடுவில் அணைத்ததால் போர்டு பாதுகாப்பான அமைப்புக்குத் திரும்பியிருக்கிறது. காத்திருந்தாலும் நான்கு ஸ்டிக்கில் 6000 பிடித்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது தோற்றதா, நீங்கள் தோற்கடித்தீர்களா என்பது இப்போது தெரியாது.

வேகமானி:
புராசஸருக்குள் ராமைக் கட்டுப்படுத்தும் பகுதிக்குப் போகும் சோக் வோல்டேஜை 1.4-க்கு ஏற்றுங்கள், நான்கும் 6000-இல் பறக்கும்.

பழஞ்சிலிக்கான்:
ராமோடு புராசஸரும் பறந்துவிடும். 2023-இல் 7800எக்ஸ்3டி புராசஸர்கள் கருகிய பிறகுதான் ஏஎம்டி அந்த வோல்டேஜுக்கு 1.3 என்று உச்சவரம்பு வைத்தது. புது பயாஸ் அதற்கு மேல் விடாது. தயவுசெய்து இப்படி யோசனை சொல்லாதீர்கள்.

தறிநாடா:
எனக்கு ஒரு சந்தேகம். சிபியு-இசட் 3000 மெகாஹெர்ட்ஸ் என்கிறது, பெட்டி 6000 மெகாஹெர்ட்ஸ் என்கிறது. அப்படியானால் பெட்டி சொல்வது பொய்தானே?

பழஞ்சிலிக்கான்:
பெட்டியில் மெகாஹெர்ட்ஸ் என்று போடுவது தவறு. கடிகாரம் 3000 மெகாஹெர்ட்ஸ். ஒரு துடிப்புக்கு இருமுறை தரவு போவதால் நொடிக்கு 6000 மெகா டிரான்ஸ்ஃபர். இது டிடிஆர் (டபுள் டேட்டா ரேட்) என்ற பெயரிலேயே இருக்கிறது.

கருவேலன்:
எந்தப் பெயரில் சொன்னால் என்ன? என் பழைய டிடிஆர்4 3200, சிஎல்16, அதாவது தரவு வர 16 துடிப்பு காத்திருக்க வேண்டும். உங்கள் 6000, சிஎல்30. தாமதத்தைக் கணக்குப் போட்டால் இரண்டும் 10 நானோநொடி. இதற்கு எதற்கு இத்தனை செலவு?

வேகமானி:
தாமதம் ஒன்றுதான், அகலம் ஒன்றா? இரட்டைச் சேனலில் 3200-க்கு நொடிக்கு 51.2 ஜிபி, 6000-க்கு 96 ஜிபி. காணொளி வேலைக்கு அது தெரியும்.

கருவேலன்:
காணொளி வேலையில் பெரும்பாலும் காத்திருப்பது கிராபிக்ஸ் கார்டுக்காகவும் வட்டுக்காகவும்தான். ராம் 3600-இல் இருந்தால் உலகம் முடிந்துவிடாது.

வேகமானி:
விண்டோஸைத் துடைக்கச் சொன்னவர் பேசுகிறார்.

மின்மினி:
இரண்டு பேரும் தனி இழை தொடங்கிக்கொள்ளுங்கள். கேட்டவர் காத்திருக்கிறார்.

ஒளித்துண்டு, இன்று எதையும் தொடாதீர்கள். 3600-இல் வேலையைக் கொடுத்து முடியுங்கள், அது நிலையாக ஓடுகிறது. அப்புறம் பயாஸைப் புதுப்பித்துவிட்டு, ஒரு பெட்டியின் ஜோடியை மட்டும் புராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் வையுங்கள். எக்ஸ்போ போட்டு, திரை கறுத்தால் கை வைக்காமல் காத்திருங்கள். 6000 வந்தால் ராம் போலி இல்லை. மற்ற ஜோடியையும் அப்படியே தனியாகச் சோதியுங்கள். பிறகு நான்கையும் போட்டு, வேகத்தை மட்டும் கையால் 4800 என்று கொடுத்து மெம்டெஸ்ட்86 என்ற ராம் சோதனை மென்பொருளை இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரு பிழைகூட இல்லாவிட்டால் படிப்படியாக ஏற்றலாம். விண்டோஸ் எழுந்துவிட்டதே என்று நம்பிவிடாதீர்கள், பிழையுள்ள ராம் கோப்புகளைச் சத்தமில்லாமல் கெடுக்கும்.

பழஞ்சிலிக்கான்:
மின்மினி சொன்னது சரி. சிபியு-இசட்டில் ஸ்டிக்கின் விவரங்களைக் காட்டும் எஸ்பிடி பக்கத்தில் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் சில்லு யாருடையது என்று பாருங்கள். மாடல் எண் ஒன்றாக இருந்தும் உள்ளே சில்லு மாறியிருப்பது சாதாரணம். 64 ஜிபியும் 6000-உம் சேர்ந்தே வேண்டும் என்றால் இந்த நான்கையும் விற்றுவிட்டு 32 ஜிபி ஸ்டிக் இரண்டு கொண்ட ஒரே பெட்டியாக வாங்குங்கள். முதலிலேயே கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பேன்.

தறிநாடா:
ஒளித்துண்டு, என்ன ஆயிற்று? வேலை முடிந்ததா?

கருவேலன்:
ஆள் போய்விட்டார். விண்டோஸ் நிறுவிக்கொண்டிருப்பார்.

ஒளித்துண்டு:
வேலையைக் கொடுத்துவிட்டேன். தனித்தனியாக இரண்டு ஜோடியும் 6000-இல் ஓடுகின்றன. சில்லு வேறு வேறுதான். நான்கும் சேர்ந்தால் 5200 வரை பிழையில்லை, 5600-இல் மெம்டெஸ்ட் சிவப்பாக நிறைகிறது. 5200-இலேயே விட்டுவிட்டேன். நன்றி.

தறிநாடா:
மகிழ்ச்சி. இதே இழையில் கேட்டுவிடுகிறேன்: என் மடிக்கணினியில் 5600 ராம் போட்டேன், 4800 என்று காட்டுகிறது. ஏன்?

மின்மினி:
என்ன புராசஸர்?