குளூட்டன் இல்லாத பீட்சா உதிர்ந்துபோகிறது, வழி சொல்லுங்கள்

மார்த்தாண்டத்திலிருந்து எழுதுகிறேன். மகளுக்குச் சீலியாக் நோய் (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) என்று தெரிந்ததிலிருந்து கோதுமை, மைதா, ரவை எதுவும் வீட்டுக்குள் வருவதில்லை. கூட்டுப் பெருங்காயத்தில்கூடக் கோதுமை மாவு கலப்பதுண்டு என்பதே அப்போதுதான் தெரிந்தது! புட்டும் ஆப்பமும் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) இருக்கும் ஊர் என்பதால் தப்பித்தோம். ஆனால் அவள் கேட்பது பீட்சா.

மூன்று முறை செய்துவிட்டேன். ஒரு கப் பச்சரிசி மாவு, அரை கப் கேழ்வரகு மாவு, கால் கப் மரச்சீனி மாவு, ஈஸ்ட், வெதுவெதுப்பான நீர். முதல் முறை அடை. இரண்டாம் முறை ஓரம் ஓடு, நடுவில் களி. மூன்றாம் முறை ஒரு தேக்கரண்டி இசப்கோல் உமி சேர்த்தேன். மாவு திரண்டு வந்தது, துண்டு போட்டதும் உதிர்ந்துவிட்டது. மாமியார் எட்டிப் பார்த்து, "புட்டுக்குப் பழம் எடுக்கட்டுமா?" என்றார்.

இசப்கோலைத் தனியாக ஊறவைத்துச் சேர்க்க வேண்டுமா? அளவு போதவில்லையா? என்னிடம் ஓவன் இல்லை, இரும்புத் தோசைக்கல்லும் மூடியும்தான். அடியை முதலில் வேகவைத்துவிட்டு, பிறகு தக்காளியும் சீஸும் வைக்கலாமா? சீஸைக் குறைத்து முருங்கைக்கீரை தூவ ஆசை, கசக்குமா?

ரெடிமிக்ஸ் பாக்கெட்டுகளைச் சொல்ல வேண்டாம். மில்லில் கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே அரிசியும் அரைப்பார்கள் என்பதால் மாவைக்கூட வீட்டு மிக்சியில்தான் அரைக்கிறேன். செய்து பார்த்தவர்கள் அளவோடு எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை நான்காவது முறை.