போடிபி சாயம் பளிச்சென்று ஒளிர்கிறது, ஆனால் சிங்க்லெட் ஆக்சிஜன் வரவில்லை. ஏன்?

களியக்காவிளை மாணவி:
திருவனந்தபுரத்தில் எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர். ஒளி காட்டிச் செய்யும் புற்றுநோய் சிகிச்சைக்கான சாயம்தான் புராஜெக்ட். வெளிச்சம் பட்டதும் அது பக்கத்து ஆக்சிஜனை சிங்க்லெட் ஆக்சிஜனாக, அதாவது செல்லைக் கொல்லும் வீரியமான வடிவமாக, மாற்ற வேண்டும். 2,4-டைமெத்தில் பைரோலையும் பென்சால்டிஹைடையும் சேர்த்து, டிடிக்யூ (ஆக்சிஜனேற்றி) போட்டு, கடைசியில் போரான் டிரைஃப்ளூரைடு விட்டு போடிபி என்ற போரான் சாயத்தை எடுத்துவிட்டேன். என்எம்ஆர் சுத்தமாக இருக்கிறது, யுவி விளக்கில் பச்சையாகக் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் சிங்க்லெட் ஆக்சிஜன் வந்தால் வெளுக்கும் டிபிபிஎஃப் கலந்து வெளிச்சம் காட்டினால், அதன் 410 நானோமீட்டர் உறிஞ்சல் பீக் குறையவே மாட்டேன் என்கிறது. லேபில் அயோடின் ஏற்றச் சொல்கிறார்கள். அயோடின் என்ன செய்யும்?

பழைய ஆர்கானிக்:
தங்கச்சி, அந்தப் பச்சை ஒளிதான் சிக்கலே. உறிஞ்சிய ஆற்றல் முழுக்க ஒளியாக வெளியே போய்விட்டால் ஆக்சிஜனுக்குக் கொடுக்க என்ன மிஞ்சும்? ஒளியை வாங்கிய சாய மூலக்கூறு, சட்டென்று ஒளிர்ந்துவிடும் சிங்க்லெட் நிலையிலிருந்து அதிக நேரம் தாங்கும் டிரிப்லெட் நிலைக்கு இறங்கி, அங்கே கொஞ்ச நேரம் தங்கினால்தான் பக்கத்தில் வரும் ஆக்சிஜனைத் தூண்ட முடியும். அயோடின் மாதிரி கனமான அணு அந்த வழியைத் திறந்துவிடும். சாய மூலக்கூறின் 2, 6 இடங்களில் என்ஐஎஸ் (அயோடின் தரும் வினைப்பொருள்) வைத்து அயோடின் ஏற்று. உறிஞ்சல் 500-லிருந்து 530 நானோமீட்டர் பக்கம் நகரும், ஒளிர்வு வெகுவாக மங்கிவிடும். மங்கியதைப் பார்த்துப் பயப்படாதே, நமக்கு வேண்டியதே அதுதான். நீ ஏறும் பஸ் போகிற பாப்பனங்கோட்டில் நிஸ்ட் (சிஎஸ்ஐஆர் ஆய்வகம்) இருக்கிறதே, அங்கே ஸ்குவாரைன் சாயங்களில் புரோமினும் அயோடினும் ஏற்றி இதே வழியில் போயிருக்கிறார்கள், அந்தப் பேப்பர்களைக் கட்டாயம் படி.

ஸ்பெக்ட்ரோ அண்ணன்:
அயோடின் ஏற்றினதும் வெள்ளை எல்இடியில் சோதிக்க வேண்டாம். அதிலுள்ள நீல ஒளியில் டிபிபிஎஃப் தானாகவே வெளுக்கும், சாயம் வேலை செய்ததாகத் தோன்றிவிடும். பச்சை எல்இடி வாங்கு. சாயமில்லாத டிபிபிஎஃப் ஒரு குவெட் (அளக்கும் சிறு குப்பி), வெளிச்சம் படாதது ஒன்று, நைட்ரஜன் ஓட்டி ஆக்சிஜனை விரட்டியது ஒன்று, எல்லாவற்றையும் கூடவே வை. நைட்ரஜன் ஓட்டியும் பீக் அதே வேகத்தில் குறைந்தால் அது ஆக்சிஜன் வேலை இல்லை. ஒப்பிட, சிங்க்லெட் ஆக்சிஜனை நன்றாகத் தரும் ரோஸ் பெங்கால் சாயம் போதும்.

மார்த்தாண்டம் டாக்டர்:
கெமிஸ்ட்ரி உங்களுக்குத்தான் தெரியும், நோயாளி பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். பச்சை ஒளி தோலுக்குள் ஆழமாகப் போகாது, ரத்தமே உறிஞ்சிவிடும். இந்த ஒளி சிகிச்சை மருந்துகளில் போட்டோஃப்ரினுக்கு 630, கண் நோய்க்குப் போடும் வெர்டிபோர்ஃபினுக்கு 689 நானோமீட்டர் என்று சிவப்பைப் பிடித்திருப்பது அதனால்தான். அப்புறம், போட்டோஃப்ரின் ஊசி போட்டவர் குறைந்தது 30 நாள் வெயிலில் தலைகாட்டக் கூடாது, வெர்டிபோர்ஃபின் என்றால் 5 நாள். இங்கே ரப்பர் பால் வெட்டுகிறவரும் கடலுக்குப் போகிறவரும் ஒரு மாதம் வீட்டுக்குள் இருந்தால் குடும்பம் என்ன சாப்பிடும்? உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறுகிற சாயமாக யோசியுங்கள், தயவுசெய்து.

களியக்காவிளை மாணவி:
ரொம்ப நன்றி சார், அண்ணா. சிவப்புக்கு நகர்த்த 3, 5 இடங்களில் ஸ்டைரில் (இரட்டைப் பிணைப்போடு பென்சீன் வளையம்) போடலாமா? அயோடினுக்கு முன்பா, பின்பா?

பழைய ஆர்கானிக்:
அயோடின் முதலில். ஸ்டைரில் வந்த பிறகு போட்டால் அந்த இரட்டைப் பிணைப்பிலும் கைவைக்கும். அப்புறம் பிப்பெரிடின், அசெட்டிக் அமிலத்தோடு ஆல்டிஹைடைச் சூடாக்கு, ஒரு பக்கம் மட்டும் சேர்ந்தது, இரண்டு பக்கமும் சேர்ந்தது என்று கலந்து வரும், டிஎல்சி (மெல்லடுக்கு நிறப்பிரிகை) பார்த்துக்கொண்டே இரு. ஆல்டிஹைடிலேயே பெக் (பாலிஎதிலீன் கிளைக்கால்) சங்கிலி வைத்துவிட்டால் தண்ணீரில் கரைவதும் கொஞ்சம் சுலபமாகும். வெளிச்சம் படாமல் ஃபிளாஸ்கை அலுமினியத் தாளால் சுற்று.