நெல்லியும் கீழாநெல்லியும் ஒரே பேரினமா?

கொல்லைப்புறத்தான்:
எங்கள் கொல்லையில் இருபதடி உயர நெல்லி மரம் ஒன்று நிற்கிறது; மழை பெய்தால் அதன் அடியிலேயே முழங்காலுக்கும் எட்டாத கீழாநெல்லி முளைத்துவிடுகிறது. தாவரவியலில் முன்னது 'பில்லாந்தஸ் எம்ப்ளிகா', பின்னது 'பில்லாந்தஸ் அமாரஸ்'; முதற்சொல்லான 'பில்லாந்தஸ்' நெருங்கிய இனங்களைச் சேர்த்த பேரினத்தின் பெயர். பல்லாண்டு நிற்கும் மரத்தையும் ஓராண்டுக்குள் பட்டுப்போகும் பூண்டையும், சதைக்கனியையும் மிளகினும் சிறிய காயையும், எதை வைத்து ஒரே பேரினத்தில் சேர்த்தார்கள்?

செம்மண்:
உயரத்தை விட்டுவிட்டு இலையைப் பாருங்கள். புளிய இலையைப் போன்ற கூட்டிலை என்று நாம் நினைப்பது, இவ்விரண்டிலும் தனி இலைகளை வரிசையாகத் தாங்கிய சிறு கிளையே ஆகும். கூட்டிலையின் சிற்றிலைக்கு அடியில் பூ அரும்பாது. இவற்றிலோ இலை கிளையோடு சேரும் இடமான இலைக்கோணங்களிலேயே பூக்கின்றன. நெல்லி இலையுதிர்க்கும் காலத்தில் மரத்தடியில் குனிந்து பொறுக்கினால், இலைகள் மட்டுமல்லாமல் ஈர்க்குப் போன்ற அச்சிறு கிளைகளும் முழுதாக விழுந்து கிடப்பதைக் காணலாம். அடுத்து, கீழாநெல்லிக் காயை நகத்தால் பிளந்தால் மூன்று அறைகள், அறைக்கு இரண்டாக ஆறு விதைகள் தெரியும். நெல்லிக் கொட்டைக்குள்ளும் அதே கணக்குதான். இலைக்கு அடியில் காய் தொங்குவதைக் கண்டு 'கீழ்க்காய் நெல்லி' என்றழைத்த நம்மவர்கள், தாவரங்களுக்கு இருசொல் பெயர்முறை வகுத்த லின்னேயஸைக் கேட்காமலே இரண்டையும் நெல்லி என்று சொல்லிவிட்டார்கள்.

மூலிகைப்பித்தன்:
செம்மண் ஐயா கூறியது சரி. பெயர்க் குழப்பம் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். நெல்லியை 'எம்ப்ளிகா அஃபிசினாலிஸ்' என்று தனிப் பேரினமாக வைத்த பழைய பெயர் மருந்துச் சீட்டுகளில் இன்றும் வருகிறது. கீழாநெல்லிப் பொட்டலங்களில் காணப்படும் 'பில்லாந்தஸ் நிரூரி' என்பதோ அமெரிக்க வெப்பமண்டலத்துக்குரிய வேறோர் இனம். நம் வரப்புகளில் கீழாநெல்லியோடு கலந்து வளரும் 'பில்லாந்தஸ் யூரினேரியா' மூன்றாவது இனம். அதன் காய் சொரசொரப்பாக, காம்பே இல்லாததுபோல் தண்டோடு ஒட்டியிருக்கும். அமாரஸின் காய் வழுவழுப்பாகச் சிறு காம்பில் தொங்கும். பறிக்குமுன் விரலால் தடவிப் பார்ப்பது நல்லது.

கொல்லைப்புறத்தான்:
இருவருக்கும் நன்றி. இன்று காலை நெல்லிக் கொட்டை ஒன்றை அம்மிக்கல்லில் வைத்து உடைத்தேன். மூன்று அறைகள் இருந்தன. ஐந்து விதைகள் பளபளப்பாகத் தேறின, ஆறாவது சூம்பிப்போய்த் தோலாக ஒட்டிக்கொண்டிருந்தது.