அம்மா அப்பாவின் மாலைதீவுப் பயணம்: "ஒட்டுசுட்டான் வீடு" குடும்ப அரட்டைக் குழு

பெரியண்ணா (ரொறன்ரோ): அம்மா அப்பாவின் நாற்பதாவது திருமண நாளுக்கு இருவரையும் மாலைதீவுக்கு அனுப்ப முடிவெடுத்திருக்கிறேன். பெரியவர்களுக்கு மட்டுமான, சாப்பாடும் குடிவகையும் கட்டணத்துக்குள் அடங்கிய இரண்டு விடுதிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

சின்னக்கா: முடிவெடுத்த பிறகு எங்களிடம் ஏன் கேட்கிறீர்கள் அண்ணா? வீட்டுக்கு ஓடு போட்டபோதும் இப்படித்தான் செய்தீர்கள்.

பெரியண்ணா: ஓட்டுக் கதையைப் பிறகு பேசுவோம் பிள்ளை. ஒன்று ஹுராவல்ஹி. மாலேயிலிருந்து கடல் விமானத்தில் ஏறக்குறைய நாற்பது நிமிடம் போக வேண்டும். அந்த விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும் என்பதால், கொழும்பிலிருந்து பிந்திப் புறப்பட்டால் அன்றிரவு மாலேப் பக்கத்தில் தங்க நேரும். மற்றது ஓப்லு செலக்ட் லோபிகிலி. விமான நிலையத்திலிருந்து விசைப்படகில் கால் மணி நேரம்தான். விசா அங்கே இறங்கியதும் இலவசமாகக் கிடைக்கும். ஆளுக்கு நாளொன்றுக்கு 12 டொலர் பசுமை வரியும், அதற்கு மேல் 17 வீதச் சுற்றுலா வரியும் இருப்பதால், விடுதி சொல்லும் விலையில் இவை சேர்ந்திருக்கின்றனவா என்று கேட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

கண்ணன்: படகுதான் நல்லது. இன்னொன்று, அப்பாவின் தொடையில் எறிகணைத் துண்டு கிடப்பதால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் உலோகம் கண்டறியும் கருவி சத்தமிடும். மருத்துவரின் கடிதத்தை இப்போதே வாங்கி வைப்போம்.

சின்னக்கா: குடிக்காத இருவருக்குக் குடிவகைக்கும் சேர்த்து ஏன் கட்ட வேண்டும்? மூன்று நேரச் சாப்பாடு மட்டும் எடுத்தால் போதாதா?

பெரியண்ணா: நானும் அதை யோசித்தேன். அங்கே பெரும்பாலும் ஒரு விடுதிக்கு ஒரு தீவு; வெளியே இறங்கி ஒரு கடையில் தண்ணீர்ப் போத்தல் வாங்க முடியாது. சாப்பாடு மட்டும் எடுத்தவர்களுக்குத் தண்ணீரையும் தேநீரையும்கூடத் தனிக் கணக்கில் எழுதும் இடங்கள் உண்டு. அப்பா அந்த விலைப்பட்டியலைக் கண்டால் தாகத்தோடு இருந்துவிடுவார்.

சின்னம்மா (வவுனியா): அக்கா வெள்ளிக்கிழமையில் மீன், இறைச்சி தொடமாட்டா. மரக்கறி தனிச் சட்டியில் சமைப்பார்களா என்று கேளுங்கள் தம்பி.

சின்னக்கா: என் மகளையும் கூட்டிப் போக முடியாதா? அம்மம்மாவின் பக்கத்தில் படுக்காமல் அவள் நித்திரை கொள்ளமாட்டாள்.

பெரியண்ணா: பிள்ளைகளை விடமாட்டார்கள். அதற்காகத்தான் இந்த இடங்களைத் தேடினேன். எங்களை வளர்த்து முடித்த கையோடு எங்கள் பிள்ளைகளையும் அம்மா தூக்கிக்கொண்டா. நான்கு நாளாவது யாருக்கும் சோறு போடாமல், தனக்கு ஒருவர் பரிமாற இருந்து சாப்பிடட்டும்.

சின்னக்கா: அப்படியானால் ஒன்று சொல்கிறேன். முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு அம்மா கடற்கரையில் கால் வைத்ததில்லை. தண்ணீருக்கு மேலே கட்டிய அறையை எடுத்தால் இரவு முழுவதும் கட்டிலுக்குக் கீழே அலை அடிக்கும். தரையில், மரங்களுக்குள் இருக்கும் அறையாகக் கேளுங்கள்.

கண்ணன்: அக்கா சொல்வது சரி.

பெரியண்ணா: இதை நீங்கள் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. தரை அறையைத்தான் கேட்பேன். மாசி மாதம் வசதியா? நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அங்கே மழை குறைவு. மே மாதத்தோடு தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிடும்.

கண்ணன்: மாசியில் பெரும்போக அறுவடை இருப்பதால் அப்பா வயலை விட்டு அசையமாட்டார்.

சின்னம்மா: வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வருகிறது. அதற்கு முன் நடக்கும் பாக்குத்தெண்டல் சடங்குக்குப் பிறகு அக்கா ஊரை விட்டு எங்கும் போகமாட்டா.

கண்ணன்: அப்படியானால் சித்திரை வருடப்பிறப்புக்கும் பாக்குத்தெண்டலுக்கும் இடையில்தான் போகலாம்.

அம்மா: எல்லாவற்றையும் வாசித்தேன் பிள்ளைகள். மரங்களுக்குள் அறை இருந்தால் வருகிறேன். அப்பா மாட்டை யார் பார்ப்பது என்று கேட்கிறார், வேறொன்றும் சொல்லவில்லை.

கண்ணன்: மாட்டை நான் பார்க்கிறேன் அம்மா. உங்களுக்கு இன்னும் கடவுச்சீட்டு எடுக்கவில்லை. திங்கட்கிழமை வவுனியா அலுவலகத்துக்குப் போவோமா?

சின்னம்மா: வந்தால் மதியம் என் வீட்டில் சாப்பிட வேண்டும். போன முறை வாசலோடு திரும்பியதை நான் மறக்கவில்லை.

அம்மா: திங்கட்கிழமை கிளினிக் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை பார்ப்போம்.

பெரியண்ணா: லோபிகிலிக்குத் தரை அறை பற்றி எழுதிக் கேட்டிருக்கிறேன். அப்பாவின் பதிலை யாராவது வாங்கித் தாருங்கள்.