உதவி: ஐ.சியில் (அடையாள அட்டை) ஒரு பெயர், பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர். கோட்டுக்குப் போகத்தான் வேண்டுமா?

உப்புவெளிப் பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். வயது 24, ஊர் திருகோணமலை. பிறப்புப் பத்திரத்தில் என் பெயர் 'னி' என்று முடிகிறது. ஐ.சியில் அந்தக் கடைசி எழுத்தைக் காணோம், 'தி'யோடு நின்றுவிட்டது. (முழுப்பெயரை இங்கே போடவில்லை, குறை நினைக்க வேண்டாம்.) ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எடுக்கிற நேரம் பாடசாலையால்தான் ஐ.சி எடுத்துத் தந்தார்கள். படிவம் நிரப்பியவர் கூப்பிடுகிற பெயரையே எழுதிவிட்டார் போல. நானும் அப்போது கவனிக்கவில்லை. போன கிழமை பாஸ்போட் எடுக்கப் போனேன். கவுண்டரில் இருந்தவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்த ஓர் எழுத்தைப் பேனை முனையால் தொட்டுக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்.

உறவுக்காரர் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். லண்டன் சித்தப்பா 'டீட் போல்' (பெயர் மாற்ற உறுதிப் பத்திரம்) எழுதினால் சரி என்கிறார். அமெரிக்காவில் இருக்கிற மச்சாள், நீதிமன்றத்தில் மனுப் போட்டு நீதிபதியின் கட்டளை எடு என்கிறாள். யூடியூபைத் திறந்தால் அரசிதழில் போடச் சொல்கிறார்கள். எனக்கும் உண்மையில் சின்னப் பெயர்தான் விருப்பம். பிறப்புப் பத்திரத்தையே மாற்றிவிட்டால் என்ன? வழக்கென்றால் செலவு எவ்வளவு முடியும்?

மணிக்கூட்டுக் கோபுரம்:
தங்கச்சி, நான் ஒரு சட்டத்தரணியிடம் எழுதுவினைஞராக இருக்கிறேன். சட்டத்தரணி இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் ஆட்கள் யாரும் பொய் சொல்லவில்லை, தங்கள் தங்கள் நாட்டு நடைமுறையைச் சொல்கிறார்கள். பிரித்தானியாவில் வளர்ந்த ஆள் ஒருவர் தானே டீட் போல் எழுதிச் சாட்சி வைத்துப் பெயரை மாற்றலாம், நீதிமன்றத்தில் பதிவது அவரவர் விருப்பம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பொதுவாக உள்ளூர் நீதிமன்றத்தில் மனு, சில மாநிலங்களில் பத்திரிகை அறிவித்தலும் உண்டு. அரசிதழ் விஷயம் தமிழ்நாட்டுக்காரருக்கு. இந்த மூன்றில் ஒன்றையும் கொண்டுபோய் நம்முடைய பதிவாளரிடம் நீட்ட முடியாது.

இங்கே 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம்தான் பேசும். பெயரை மாற்ற முதலில் போகவேண்டிய இடம் பிரதேச செயலகத்தில் இருக்கிற மேலதிக மாவட்டப் பதிவாளர். எழுத்துப் பிழை திருத்துவது ஒரு விண்ணப்பம், பெயரையே மாற்றுவது வேறு விண்ணப்பம். அங்கே மறுத்தால், அல்லது தகப்பன் பெயரில் தகராறு என்ற மாதிரிச் சிக்கலென்றால்தான் மாவட்ட நீதிமன்றம்.

அதைவிட முக்கியமான கேள்வி: ஓ.எல்., ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) சான்றிதழில் என்ன பெயர் இருக்கிறது?

உப்புவெளிப் பிள்ளை:
இரண்டிலும் 'னி' இருக்கிறது அண்ணா. வங்கிப் புத்தகம் மட்டும் ஐ.சியைப் பார்த்து எழுதியது.

மணிக்கூட்டுக் கோபுரம்:
அப்ப ஏன் பிறப்புப் பத்திரத்தில் கை வைக்கிறீர்கள்? அதை மாற்றினால் பின்னால் பரீட்சைத் திணைக்களத்துக்கு வேறு அலையவேண்டும். பிழையாக நிற்பது ஐ.சி ஒன்றுதான். கிராம உத்தியோகத்தரிடம் போய், அடையாள அட்டைத் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். அவர் உறுதிப்படுத்த, பிரதேச செயலகம் வழியாக ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போகும். அட்டை வந்த பிறகு வங்கி, அப்புறம் பாஸ்போட். சின்னப் பெயர் விருப்பமென்றால் வீட்டில் கூப்பிடட்டும், அதை யார் தடுக்கிறார்கள்?

'இரண்டு பெயரும் ஒரே ஆள்' என்று சத்தியக்கடதாசி எழுதித் தருவதாக யாராவது சொல்வார்கள். சமாதான நீதவான் முன்னால் அதை முடிக்கலாம்தான். சில இடத்தில் எடுப்பார்கள், சில இடத்தில் எடுக்கமாட்டார்கள். ஐ.சி பிழையாகவே இருக்கும், வாழ்நாள் முழுக்க அந்தத் தாளையும் சேர்த்துக் காவவேண்டி வரும்.

கிண்ணியாப் பாலம்:
தங்கச்சி, ஒரு எழுத்துக்கே இப்படிக் கவலைப்படுகிறீர்கள். எங்கள் வீட்டில் வாப்பா 'முகம்மது', நான் 'முஹம்மத்', தம்பிக்கு வெறும் 'மு.' புள்ளி. மூன்று பேரும் ஒரே குடும்பம் என்று நிரூபிக்கவே ஒரு ஃபைல் கட்டி வைத்திருக்கிறோம்.

ஒரு அனுபவம் சொல்கிறேன். என் பத்திரத்தில் பிழை என்று இரண்டு தரம் அலைந்தேன். மூன்றாம் தரம்தான் ஒரு எழுதுவினைஞர் பழைய பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். புத்தகத்தில் சரியாகத்தான் இருந்தது. கையெழுத்தைப் பார்த்துக் கொப்பி எழுதியவர் 'ஹ'வை விட்டுவிட்டார். புதுக் கொப்பியோடு விஷயம் முடிந்தது. நீங்களும் முதலில் புதிதாக ஒரு கொப்பி எடுத்துப் பாருங்கள். எங்காவது போட்டோக் கொப்பியை நம்பி விண்ணப்பம் போடாதீர்கள்.

இங்கிலீசு எழுத்தையும் பாருங்கள். 'க'வுக்கு ஒரு இடத்தில் கே, இன்னொரு இடத்தில் ஜி என்றிருந்தால் பாஸ்போட்டுக்குப் பிறகு அது வேறு தலையிடி.

குச்சவெளியான்:
இடையில் ஒன்று கேட்கலாமா? நான் பிறந்தது மண்டபம் அகதி முகாமில். பிறப்புச் சான்றிதழ் தமிழ்நாட்டில் எடுத்தது. அதிலும் பெயர் பிழை. இங்கே பிரதேச செயலகத்தில் திருத்தலாமா?

மணிக்கூட்டுக் கோபுரம்:
முடியாது தம்பி. இங்கே பதியாததை இங்குள்ள பதிவாளர் திருத்தமாட்டார். சான்றிதழைத் தந்த ஊரில்தான் திருத்தவேண்டும். முகாமில் பிறந்தவர்களுக்குக் குடியுரிமைப் பதிவும் சேர்ந்து வரும், அதற்குத் தனி இழை போடுங்கள், பலருக்கு உதவும்.

உப்புவெளிப் பிள்ளை:
நன்றி அண்ணாமார். கோட்டுக் கதையை விட்டுவிட்டேன். புதுக் கொப்பி எடுத்தேன், 'னி' பளிச்சென்று இருக்கிறது. இன்று ஜி.எஸ்ஸிடம் (கிராம உத்தியோகத்தர்) போனேன். சின்ன வயதிலிருந்து என்னைத் தெரிந்த மனிதர். "இரு பிள்ளை, நானே எழுதித் தாறன்" என்று படிவத்தை வாங்கி எழுதினார். பார்த்தால் திரும்பவும் 'தி'! கூப்பிட்டுப் பழகிய கை. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேறு படிவம் வாங்கி, கொப்பியைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக நானே எழுதிக் கொடுத்தேன்.

கிண்ணியாப் பாலம்:
அந்தப் பிழைப் படிவத்தைக் கிழித்தீர்களா இல்லையா?

உப்புவெளிப் பிள்ளை:
ஐயோ. நாளைக்குக் காலையிலேயே போகிறேன்.